விபூதி போட்டுத் தேய்த்த வெள்ளிக்காசுகள்

தம்பி,

எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உடம்பைக் கேட்டால் சுகம்தான். அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குப் பிரஷர், இரண்டும் வழக்கம்போல. மனசைக் கேட்டால்தான் ஒருவருக்கும் சுகமில்லை. ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். ஃபோன் ஹாலில் இருக்கிறது, ஹாலுக்கும் சமைக்கிற குசினிக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான் தொங்குகிறது. நான் இரகசியம் பேசினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும் என்று அப்பா எப்போதும் கேலி செய்வார். இது என் மருமகள் சுகந்தியைப் பற்றிய விஷயம், அவள் காதில் விழக் கூடாது. அதனால்தான் பக்கத்து வீட்டு மாஸ்டர் நாளைக்குக் கொழும்புக்குப் போவதாகச் சொன்னதும் அவர் கையில் கொடுத்தனுப்ப இதை எழுத உட்கார்ந்தேன். நீயும் உட்கார்ந்து படி. வாசலில் நின்றுகொண்டே கவரைக் கிழிக்காதே.

முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் பெட்டியில் இருந்த இங்கிலாந்து வெள்ளிக்காசுகள் அத்தனையையும் சுகந்தி விபூதி போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டாள். ஒன்றுகூட மிச்சமில்லை. இந்த வரியில் உன் முகம் எப்படி மாறும் என்று பெற்றவளுக்குத் தெரியும். நீ கத்துவாய் என்று எனக்குப் பயமில்லை, நீ கத்துகிற ஆளே இல்லை. வாயை மூடிக்கொண்டுவிடுவாய், மூடிய வாயைப் பிறகு திறக்கவே மாட்டாய். அந்தப் பயத்தில்தான் இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமாகி இன்னும் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட வெளுக்காத ஒரு பிள்ளையிடம் நீ பேசாமல் இருந்துவிட்டால் நான் என்ன செய்வேன்?

அந்தக் காசுகள் உனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் துரைமார் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போனார்கள். கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற நம் பழைய சாமான் கடைக்கு அண்டா குண்டா கிடைக்குமென்று அப்பாவும் ஏலத்துக்குப் போய்வந்தார். அப்படி ஒரு தடவை கரண்டிகள் கிடந்த ஒரு மேசை லாச்சியையும் சேர்த்து வாங்கிவந்தார். அதன் அடியில் ஒரு புகையிலை டின், டின்னுக்குள் ஃபிளனல் துணியில் சுற்றிய கறுத்த காசுகள். யார் எந்த ஊரிலிருந்து சேர்த்து, எதற்காக இங்கே கொண்டுவந்தாரோ தெரியாது. ஆசாரியிடம் கொடுத்து உருக்கி எனக்கு ஒரு குங்குமச் சிமிழ் செய்யலாம் என்று அப்பா சொன்னார். நீ டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாய். எனக்குச் சிமிழ் போனது, உனக்குப் பைத்தியம் பிடித்தது. அதற்குப் பிறகு கண்டியில் எந்த அடகுக்கடைக்காரர், எந்த நகைக்கடைக்காரர் ஒரு துரைக்காசு வைத்திருந்தாலும் உன் மூக்கு வியர்த்துவிடும். காசுமாலையிலிருந்து கழற்றிய காசு ஓட்டையாக இருந்தாலும் வாங்கிவருவாய்.

நான் காய் வெட்டும்போது நீ எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு நூலகத்தில் படித்ததைச் சொல்வாய். எட்டாவது ஹென்றி ராசா கஜானா காலியானதும் வெள்ளியில் செம்பை அள்ளிப் போட்டுக் காசு அடித்த கதை, மேலே மட்டும் வெள்ளி மினுக்கி, கைபட்டுத் தேய்ந்தவுடன் ராசாவின் மூக்கில் செம்பு தெரிந்த கதை, ஊரெல்லாம் அவனைச் செம்புமூக்கன் என்று கூப்பிட்ட கதை. அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் நான் விரலை வெட்டிக்கொண்டேன். அவன் மகள் எலிசபெத் வந்துதான் நல்ல வெள்ளியைத் திரும்பக் கொண்டுவந்தாள் என்று அவளுடைய ஆறு பென்ஸைக் காட்டினாய். தலைக்குப் பின்னால் ஒரு ரோசாப்பூ. பூவைத் தலையில் வைக்காமல் பின்னால் மிதக்கவிட்டிருக்கிறாளே என்று நான் கேட்டதற்கு உனக்குக் கோபம் வந்தது. சம்மட்டியால் அடித்த காசுகளின் ஓரத்தைக் கள்ளர்கள் கத்தரித்துக் கத்தரித்து எடுத்ததையும், பிறகு இயந்திரம் வந்து ஓரத்தில் வரி போட்டதையும், பெரிய காசின் விளிம்பில் ‘அலங்காரமும் காவலும்’ என்று லத்தீனில் எழுதியதையும் சொன்னாய். மூன்றாவது வில்லியம் காலத்தில் நாட்டிலுள்ள தேய்ந்த காசையெல்லாம் வாங்கி உருக்கிப் புதிதாக அடித்தார்களாம். எந்த ஊரில் அடித்தது என்று ராசாவின் கழுத்துக்குக் கீழே ஓர் எழுத்து இருக்குமாம், அதைத் தேடி நீ கண்ணைக் கெடுத்துக்கொண்டாய். முதல் உலகச் சண்டைக்குப் பிறகு பாதி வெள்ளி, இரண்டாவது சண்டைக்குப் பிறகு வெள்ளியே இல்லை என்று நீ சொன்னபோது, “வெள்ளி தீர்ந்த கையோடதான் நமக்குச் சொதந்திரத்தைக் குடுத்திட்டுப் போயிருக்கான்” என்று அப்பா குசினி வாசலில் நின்று சொன்னார்.

இத்தனையையும் நான் மறக்கவில்லை. ஒருநாள் உன் காசைக் கொஞ்சம் துடைக்கட்டுமா என்று கேட்டதற்கு நீ பதறிப்போய், “அது அழுக்கில்லம்மா, அதுதான் காசோட தோலு. உரிச்சா காசு செத்துப்போயிடும்” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் வெள்ளி கறுத்தால் இலட்சுமி முகம் சுளிப்பாள் என்பார்கள், உன் வீட்டு வெள்ளி வெளுத்தால் செத்துவிடும். ஆனாலும் அன்றிலிருந்து தொட்டதில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு யார் சொன்னார்கள்?

நீ சொன்னாயா? யோசித்துப் பார். கொழும்பில் வீடு கிடைக்கும்வரை அவள் இங்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போகும்போது அலுமாரிச் சாவியை அவள் கையில் கொடுத்தாய். எனக்கே தராத சாவி. அவளுக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது, முந்தானையில் முடிந்துகொண்டே திரிந்தாள். போன வாரம் ஃபோனில் என்ன சொன்னாய்? காசு சேர்க்கிறவர்களின் கூட்டத்தில் பெரிய பெரிய ஆட்களுக்குக் காட்டப் போகிறேன், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகிறேன், பெட்டியை எடுத்துத் தயாராக வை என்றாய். ‘தயாராக வை’ என்று கெலிஓயாவில் கடைக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளையிடம் சொன்னால் அவள் என்ன செய்வாள்? வெள்ளிக்கிழமைதோறும் விளக்கையும் வெள்ளியையும் முகம் தெரிகிற மாதிரி தேய்த்து வைப்பதுதான் அவள் வீட்டுப் பழக்கம். பெண்பிள்ளையின் கைப்பக்குவத்தை அதில்தான் பார்ப்பார்கள். இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரமே என் குத்துவிளக்கின் இடுக்கில் இருந்த பச்சையை ஈர்க்குச்சி வைத்து எடுத்தவள் அவள்.

அன்றைக்கு நானும் அப்பாவும் கலகெதரையில் ஒரு சாவு வீட்டுக்குப் போயிருந்தோம். பின்னேரம் திரும்பிவந்து குளித்துவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போனால், பித்தளைத் தாம்பாளத்தில் வெள்ளைத் துணி விரித்து உன் காசுகள். ஒவ்வொன்றும் நேற்று அடித்த மாதிரி. விக்டோரியா ராணியின் காசுகளை மட்டும் தனியாக எடுத்து நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள், அந்த முகத்தைப் பார்த்தால் மகாலட்சுமி மாதிரி இருக்கிறதாம். புளித்தண்ணீரில் ஊறவைத்து, விபூதி போட்டு, அவள் அம்மாவின் பழைய பட்டுத்துணியால் தேய்த்தாளாம். அவள் கையைப் பார்த்தேன், விரல் நுனியெல்லாம் கறுத்துப்போய் நகக்கண் சிவந்திருந்தது.

“பெரிய ஆளுங்க பாக்கப் போறாங்கன்னு சொன்னாரு அத்தை. இப்பிடிக் கறுத்துப்போனதைக் கொண்டுபோனா, வீட்ல பொம்பளை இருக்காளான்னு கேக்க மாட்டாங்களா?” என்றாள்.

“நல்லா இருக்கு” என்றேன். அப்பா ஒரு பார்வை பார்த்தார், கடையில் வேலை இருக்கிறது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை, கடை பூட்டிக் கிடந்தது.

திரும்பி வந்து என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டு, தானே தேய்த்ததாக உன்னிடம் சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். பழைய பித்தளைச் சாமான் விற்கிறவன் காசைத் தேய்த்தான் என்றால் தம்பி நம்புவான் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. அப்படியானால் நீ அப்பாவிடம் பேசாமல் இருப்பாய், அவ்வளவுதானே வித்தியாசம்? வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் என் மூளையை ஓடவிட்டேன். வெள்ளிக் கரண்டியால் முட்டை சாப்பிட்டால் கரண்டி கறுக்கும் அல்லவா? விரதமென்று வீட்டில் முட்டை இல்லை. எதிர்வீட்டில் கேட்டு ஒன்று வாங்கி அவித்து, ஜோர்ஜ் ராசாவின் ஷில்லிங் ஒன்றை மஞ்சள்கருவோடு ஒரு போத்தலில் போட்டு மூடி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் ராசாவுக்கு அம்மை போட்ட மாதிரி திட்டுத் திட்டாக ஊதாவும் பழுப்பும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. அந்த ஒரு காசு மட்டும் என் கணக்கு. அதற்கு என்னைத் திட்டு, அவளைத் திட்டாதே.

இனிமேல்தான் எழுதக் கை வராத இடம். ஃபாரூக் வந்தான்.

அந்தப் பெயரைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்துவிடாதே. தையல்காரர் வீட்டுப் பிள்ளை, பாலத்தடியில் உன்னோடு நீந்தியவன், உன்னோடு சேர்ந்து அடகுக்கடை அடகுக்கடையாக ஏறி இறங்கியவன். உன் எலிசபெத் காசை ஒருநாள் கேட்டு வாங்கிப் போனான். அது நல்ல வெள்ளிதானா என்று உனக்குச் சந்தேகம் இருந்ததால், தெரிந்துவந்து சந்தோசப்படுத்தலாம் என்று நகைக்கடையில் கொடுத்தான். நகைக்கடைக்காரருக்குத் தெரிந்தது ஒரு வழிதான், உரைகல்லில் ஓர் உரசு உரசினார். காசின் ஓரத்தில் கோடு விழுந்தது. பயந்துபோன பிள்ளை ஒன்றும் சொல்லாமல் உன் மேசையில் வைத்துவிட்டுப் போனான். நீ கண்டுபிடித்தாய். அன்றைக்கு மூடிய வாய்தான், இன்றுவரை அவனிடம் திறக்கவில்லை. உரசினதற்கு இல்லை, மறைத்ததற்கு என்று என்னிடம் காரணம் சொன்னாய். சரி என்று நானும் விட்டுவிட்டேன். உன் கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து மரக்கறிச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, உனக்குக் கை கொடுக்க மேடைக்கு ஏறாமலே போனான். நீ அவனைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

நீ இல்லாத நேரம் பார்த்து வந்து போவான், அது உனக்குத் தெரியாது. நேற்றுச் சுகந்தியின் ரவிக்கைகளைத் தைத்துக் கொண்டுவந்தான். இவள் பெருமையாகத் தாம்பாளத்தை எடுத்துவந்து காட்டினாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணே, என்ன என்று விடாமல் கேட்டாள். நான் கண்ணைக் காட்டினேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. காசின் தோல், கறுப்பின் அருமை, உரைகல், தான் மறைத்தது, நீ பேசாமல் போனது, எல்லாவற்றையும் அந்தப் பிள்ளையிடம் மெதுவாகச் சொல்லி முடித்தான். கடைசியில், “தங்கச்சி, அவன் பெட்டியைத் தொறக்க முந்தி நீங்களே செல்லிடுங்க. நான் செல்லாம வெச்சதுதான் பெரிய பிழை” என்றான். தைத்த கூலியை வாங்காமலே போய்விட்டான்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தாம்பாளத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, நான் ஏன் அன்றைக்கு நல்லா இருக்கு என்று சொன்னேன் என்று கேட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. உனக்குக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். சனிக்கிழமை பஸ் நிற்கிற இடத்துக்கு அவளே வந்து, நீ வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னால் சொல்லிவிடுவாளாம். “நான் சொல்றப்ப அவரு முகம் எப்பிடி இருக்குன்னு எனக்குப் பாக்கணும் அத்தை” என்றாள்.

அப்படிச் சொன்னவளுக்குத் துரோகம் செய்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். உன்னை நடிக்கச் சொல்லவில்லை, தம்பி. நடித்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. உனக்குக் கோபப்பட நேரம் கொடுக்கத்தான் எழுதுகிறேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், உன் ஆத்திரமும் வந்து ஆறுவதற்கு இரண்டு நாளாவது பிடிக்கும். அந்த இரண்டு நாளையும் கொழும்பிலேயே கழித்துவிடு. அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தலையணையை அடி. என்னைத் திட்டி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போடு. காசுக்காக அழ வேண்டுமென்றால் அழு, அது வெட்கமில்லை, ஒரு மனுசன் இத்தனை வருசம் நேசித்த பொருள். இங்கே வந்தும் கோபம் மிச்சமிருந்தால் அவளிடம் வாய்விட்டுச் சொல். சத்தம் போடு, அவளும் திருப்பிப் போடுவாள், அப்பா ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கேட்காத மாதிரி இருப்பார். சண்டை போடுகிற வீட்டில் விளக்கு எரியும். நீ வாயை மூடிக்கொண்டு நடமாடுகிற வீட்டில் இருந்து பார்த்தவள் நான், ஃபாரூக்கை நீ விட்ட அந்த வருசம் சாப்பாட்டு மேசையில் கரண்டி விழுந்தால் எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

எனக்குப் பயப்படுவதற்கு வேறு விஷயம் இல்லாமல் இல்லை. இந்தச் சண்டைக் காலத்தில் நீ கொழும்புக்குப் போன நாளிலிருந்து, பொழுதுபட்டு ஃபோன் அடித்தால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருகிறேன். ஐடென்டிகார்ட் இல்லாமல் கடைக்குக்கூடப் போகாதே, வருகிற வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல். அதெல்லாம் வெளியிலிருந்து வருகிற பயம், சாமியைக் கும்பிட்டுக்கொண்டு இருந்துவிடலாம். இது நான் பெற்று வளர்த்ததிலிருந்து வருகிற பயம். இதற்கு எந்தச் சாமியைக் கும்பிடுவது என்று தெரியவில்லை.

இன்று காலையில் அவள் தேங்காய் துருவிக்கொண்டே என்னிடம் கேட்டதை எழுதிவிட்டு முடிக்கிறேன்.

“ஃபாரூக் அண்ணன்கிட்ட இத்தனை வருசமாப் பேசலியாமே. எங்கிட்டயும் அப்பிடிப் பேசாம இருந்தா, நான் எத்தனை நாளைக்குப் பாத்துக்கிட்டு இருக்கணும் அத்தை?”

என் மகன் அப்படிச் செய்யமாட்டான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒருமுறை நல்லா இருக்கு என்று சொன்ன வாய் அது. இன்னொரு பொய்யை அதே பிள்ளையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

“ஒரு நாளும் பாக்காத. பேசலைன்னா மறுநாள் காலையில நானே ஒன்னைக் கெலிஓயாவுல கொண்டுபோய் விடுறேன்” என்றேன்.

அவள் துருவலை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும், இப்போது அவளுக்கும் தெரியும். இந்தப் பிரஷரோடு நான் அவள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவேன், தம்பி. ஏறி, அவள் பக்கத்தில்தான் உட்காருவேன்.

அம்மா